மூட்டைக்குள் வரும் வாடல் நோய்
உருளைக்கிழங்கு, காய்கறி வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உருளைக்கிழங்கு வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் பழக்கமான வழக்கு ஒன்று உண்டு. லாரியிலிருந்து இறக்கும்போது மூட்டை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். கிழங்கு கெட்டியாக இருக்கும், எடையும் சரியாக இருக்கும். நாலைந்து நாளில் மூட்டையின் அடியில் ஈரம் கசியும், வாடை வீசும். பிரித்துப் பார்த்தால் உள்ளே பத்துப் பதினைந்து கிழங்கு அழுகி, பக்கத்துக் கிழங்குகளையும் கெடுத்திருக்கும்.

கடைக்காரர் மண்டியைக் கேட்பார். மண்டிக்காரர், "ஏலத்தில் நல்ல சரக்குத்தான் எடுத்தேன், உங்கள் கிடங்கில் காற்றோட்டம் இல்லை" என்பார். விவசாயியைக் கேட்டால், "தோண்டும்போது ஒரு கிழங்குகூடச் சொத்தை இல்லை" என்பார். மூவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் நஷ்டம் யாராவது ஒருவர் தலையில் விழுந்தே தீரும். பெரும்பாலும் அது சில்லறைக் கடைக்காரர் தலையாகவே இருக்கிறது.

சரக்கு கெடுவதற்குக் காரணங்கள் பல. மழையில் நனைந்திருக்கலாம், இறக்கும்போது அடிபட்டிருக்கலாம், குளிர்பதனக் கிடங்கிலிருந்து எடுத்து நாளாகியிருக்கலாம். இவற்றையெல்லாம் வியாபாரிகள் நன்கு அறிவார்கள். அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. அதுதான் பாக்டீரியா வாடல் நோய். உருளைக்கிழங்கில் வரும்போது இதற்குப் பழுப்பு அழுகல் என்று இன்னொரு பெயரும் உண்டு. வயலில் தொடங்கும் இந்த நோய் கிழங்குக்குள் ஒளிந்துகொண்டு, மூட்டையோடு மூட்டையாக மண்டிக்கும் கடைக்கும் வந்து சேருகிறது. வயல் நோய்தானே, நமக்கென்ன என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. இந்த நோய் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போகும் வழியில் நம் சாக்குகளும், நம் கிடங்குகளும், நம் சிட்டைகளும் இருக்கின்றன.

நோய் செய்யும் வேலை

இந்தக் கிருமியை 1896-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஸ்மித் முதலில் விவரித்தார். அறிவியல் பெயர் பலமுறை மாறி, 1995-இல் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்று ஆயிற்று. 2014-இல் இதை மூன்று இனங்களாகப் பிரித்தார்கள். பெயர் எதுவானாலும் அது செய்யும் வேலை ஒன்றுதான்.

கிருமி மண்ணில் இருக்கும். வேரில் ஏற்படும் சிறு காயத்தின் வழியாகச் செடிக்குள் நுழையும். களையெடுக்கும்போது பட்ட கொத்துவெட்டுப் போதும், நூற்புழு துளைத்த துளை போதும். உள்ளே போனதும் தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள் புகுந்து பெருகும். பெருகும்போது பிசின் போன்ற ஒரு வழுவழுப்பைச் சுரந்து குழாயை அடைத்துவிடும். வயலில் தண்ணீர் நின்றாலும் செடி தாகத்தால் சாகும்.

இது தாக்கும் செடிகள் 200 வகைக்கும் மேல். உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய், இஞ்சி ஆகியவை அதில் முக்கியமானவை. நம் கடையில் தினமும் விற்பனையாகும் சரக்கில் பாதி இந்தப் பட்டியலில் வந்துவிடுகிறது. வாடிய செடியைப் பிழைக்க வைக்கும் மருந்து எதுவும் கிடையாது. மண்ணில் கிருமி பல ஆண்டுகள் தங்கிவிடும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இது செடியைத் தாக்கும் கிருமி, மனிதருக்கு நோய் தருவதில்லை. அழுகியதை ஒதுக்கிவிட்டு நல்ல கிழங்கைச் சமைத்துச் சாப்பிடுவதில் தவறில்லை. வாடிக்கையாளரை வீணாகப் பயமுறுத்த வேண்டாம். நஷ்டம் விவசாயியின் மண்ணுக்கும் வியாபாரியின் முதலுக்கும்தான்.

வயலில் கண்டறிவது

கொள்முதலுக்காகத் தோட்டம் வரை போகும் வியாபாரிகள் சிலர் உண்டு. அவர்கள் இந்த அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

நல்ல பச்சையாக இருக்கும் செடி, உச்சி வெயிலில் திடீரென்று தலை சாய்க்கும். நுனியில் உள்ள இளம் இலைகள் முதலில் தொங்கும். மாலையில் மறுபடி நிமிர்ந்தது போலத் தோன்றும். இரண்டு மூன்று நாளில் நிமிராமலே போய்விடும். இலை மஞ்சளாவதற்கு முன்பே செடி சாய்ந்துவிடுவது இந்த நோயின் குணம். பூஞ்சாணத்தால் வரும் வாடலில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும், செடி மெதுவாகக் காயும். இரண்டும் வேறு வேறு.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. வாடிய செடியின் தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, இரண்டு மூன்று அங்குலத் துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, தண்டின் வெட்டுமுனை மட்டும் நீரில் படும்படி ஆடாமல் பிடிக்க வேண்டும். பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற மெல்லிய இழைகள் நீருக்குள் இறங்குவதைக் காணலாம். பூஞ்சாண வாடலில் இப்படி இழை இறங்காது. செலவில்லாத இந்தச் சோதனையை உலகம் முழுவதும் வேளாண்மைத் துறையினர் செய்துவருகிறார்கள்.

மண்டியிலும் கடையிலும் கண்டறிவது

கிழங்கில் இந்த நோயின் அடையாளம் மூன்று இடங்களில் தெரியும்.

முதலாவது, கண். கிழங்கின் முளைக்கண்களிலிருந்து பிசுபிசுப்பான நீர் கசியும். அதில் மண் ஒட்டிக்கொண்டு காயும். மற்ற இடமெல்லாம் மண் உதிர்ந்திருக்க, கண்ணில் மட்டும் மண் அப்பியிருந்தால் அந்தக் கிழங்கைத் தனியே எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, கொடியோடு ஒட்டியிருந்த முனை. நோய் கிழங்குக்குள் இந்த வழியாகத்தான் நுழைகிறது. ஆகவே அந்த முனையில் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உள்வளையம். கொடிமுனைப் பக்கமாகக் கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். தோலுக்குச் சற்று உள்ளே, சுற்றிலும் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் ஓடும். வெட்டிய துண்டை விரலால் அழுத்தினால் அந்த வளையத்தில் வெண்மையான சிறு துளிகள் முத்து முத்தாகக் கசியும். மேற்கு இந்தியாவில் ஒரு காலத்தில் இதற்கு வளைய நோய் என்றே பெயர். புணே வட்டாரத்தில் 1890-களிலேயே உருளைக்கிழங்கில் இந்த நோயைப் பதிவு செய்திருக்கிறார்கள். இது புதிதாக வந்த நோய் அல்ல.

மற்றக் கோளாறுகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நட்டநடுவில் மட்டும் கறுத்திருந்தால் அது காற்றோட்டக் குறைவால் வந்த கருமை. நடுவில் குழி விழுந்திருந்தால் அது வளர்ச்சிக் கோளாறு. தோலிலிருந்து ஒழுங்கில்லாமல் உள்நோக்கி இறங்கும் காய்ந்த பழுப்பு, பின்கருகல் நோயின் அடையாளம். கூழாகிக் கடும் நாற்றம் அடித்தால் அது மென்அழுகல். ஆனால் வளைய நோய் வந்த கிழங்கில் பின்னால் மென்அழுகலும் சேர்ந்துகொள்ளும். கடைக்கு வந்து நாலு நாளில் மூட்டை கூழாவதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்றம் வந்த பிறகு எது முதல் நோய் என்று கண்டுபிடிப்பது கடினம். சரக்கு இறங்கிய அன்றே வெட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வெட்டும் கத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயுற்ற கிழங்கை வெட்டிய கத்தியாலேயே அடுத்ததை வெட்டினால் கிருமி அதற்கும் போகும். சோதனைக்கு வெட்டிய கிழங்குகளை மறுபடி மூட்டையில் போடக் கூடாது. கத்தியைக் கொதிநீரில் முக்கியெடுத்த பிறகே வேறு வேலைக்குப் பயன்படுத்த வேண்டும்.

பத்துக் கிழங்கு பார்த்தால் போதுமா?

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லாட்டில் நூற்றுக்கு ஒரு கிழங்கு நோயுற்றது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தபடி 10 கிழங்கை எடுத்து வெட்டினால், நோயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 10 தான். 50 கிழங்கு வெட்டினால் 40 வரை போகும். 200 கிழங்கு வெட்டினால் 86-ஐத் தாண்டும். நோய் நூற்றுக்கு ஐந்தாக இருந்தால், 50 கிழங்கிலேயே 90-க்கு மேல் வாய்ப்பு வந்துவிடும்.

ஐரோப்பிய நாடுகளில் 25 டன் சரக்குக்கு 200 கிழங்கு என்று மாதிரி எடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். 200 கிழங்கை வெட்டிப் பார்க்க நம் மண்டியில் யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு மாற்று வழி உண்டு. கைக்கு வந்ததை எடுக்காமல், கண்ணில் மண் அப்பியதையும், கொடிமுனை நிறம் மாறியதையும் தேடிப் பொறுக்கி வெட்ட வேண்டும். சந்தேகப்பட்ட பத்துக் கிழங்கு, சந்தேகப்படாத ஐம்பது கிழங்குக்குச் சமம் என்று சொன்னாலும் தவறாகாது.

அப்படியும் தப்பிவிடும் கிழங்குகள் உண்டு. குளிர்ந்த மலைப் பகுதியில் விளைந்த கிழங்குக்குள் கிருமி இருக்கும், ஆனால் வளையம் இருக்காது, கசிவும் இருக்காது. வெட்டிப் பார்த்தாலும் வெள்ளையாகவே இருக்கும். இந்த நோய்க்கு 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் பிடிக்கும். குளிரில் கிருமி அடங்கிக் கிடக்கும். குளிர்பதனக் கிடங்கு நோயை நிறுத்தி வைக்குமே தவிர, கிருமியைக் கொல்லாது. வெளியே எடுத்து, வெப்பமான ஊருக்கு அனுப்பியதும் வேலையைத் தொடங்கிவிடும். "தோண்டும்போது ஒன்றுமில்லை" என்று விவசாயி சொல்வதும், "என் கடையில்தான் கெட்டது" என்று நாம் சொல்வதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருப்பது இப்படித்தான்.

ஒளிந்திருக்கும் நோயைக் காண ஆய்வுக்கூடம் வேண்டும். 1954-இல் ஆர்தர் கெல்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு வளர்ப்பு ஊடகத்தை உருவாக்கினார். அதில் நோய் தரும் கிருமிகள் நடுவில் இளஞ்சிவப்போடு கூடிய வழுவழுப்பான வெண்திட்டுகளாக வளர்ந்து, தம்மைக் காட்டிக்கொடுக்கும். பின்னாளில் எலைசா என்ற சோதனை வந்தது. பெருநாட்டுத் தலைநகர் லிமாவிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையம், வசதி குறைந்த நாடுகளிலும் விதைக்கிழங்கைச் சோதிக்கும்படி எளிய எலைசா பெட்டிகளை உருவாக்கியது. இன்று கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை வந்துவிட்டது. சாற்றில் நனைத்தால் சில நிமிடங்களில் கோடு விழும் சோதனைப் பட்டைகளும் உண்டு. இவை பெரும்பாலும் விதைக்கிழங்குக்கே பயன்படுகின்றன. சாப்பாட்டுக் கிழங்கு எந்தச் சோதனையும் இல்லாமல்தான் நம்மிடம் வருகிறது.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது

நோயைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அது எங்கிருந்து வந்தது, வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று கண்டறிவதே மீதிப் பாதி. இந்த இரண்டாவது வேலைக்கு ஆய்வுக்கூடத்தைவிட வியாபாரியின் கணக்குப் புத்தகம்தான் அதிகம் உதவும். மூன்று நாட்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

நெதர்லாந்து, உலகுக்கே விதைக்கிழங்கு அனுப்பும் நாடு. 1995-இல் அங்கே பழுப்பு அழுகல் பெரிய அளவில் தோன்றியது. ஒரு தோட்டத்தில் நோய் கண்டதும் அதிகாரிகள் அந்தத் தோட்டத்தோடு நிற்கவில்லை. அந்த விதை எந்தத் தாய்க் கிழங்கிலிருந்து வந்தது, அதே தாயிலிருந்து வந்த மற்ற விதைகள் எந்தெந்தத் தோட்டங்களுக்குப் போயின என்று விற்பனைக் கணக்குகளை வைத்துத் தேடினார்கள். இன்னொரு வழியும் தெரியவந்தது. கால்வாய் ஓரங்களில் வளரும் கத்தரிக் குடும்பத்துக் களைக்கொடி ஒன்றில் கிருமி தங்கி, வாய்க்கால் நீரில் கலந்து, பாசனத்தோடு வயலுக்குப் போயிருந்தது. நோய் கண்ட பகுதிகளில் கால்வாய் நீரை உருளைக்கிழங்குக்குப் பாய்ச்சக் கூடாது என்று தடை போட்டார்கள். 1998-இல் ஐரோப்பிய நாடுகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரு சட்டமே வந்தது.

அடுத்தது எகிப்து. ஐரோப்பாவுக்கு உருளைக்கிழங்கு ஏற்றுமதி செய்யும் நாடு அது. அங்கிருந்து வந்த சரக்கில் நோய் இருந்ததால் 1996-இல் ஐரோப்பா கட்டுப்பாடு விதித்தது. எகிப்து ஏற்றுமதியை நிறுத்திவிடவில்லை. நைல் கழிமுகத்தின் பழைய நிலங்களை விட்டு, பாலைவனத்தைத் திருத்திய மணல் நிலங்களில், நோயற்ற பகுதிகளைச் சோதித்துப் பட்டியலிட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. சாக்கு ஒவ்வொன்றிலும் அந்த எண் அழியாத மையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐரோப்பியத் துறைமுகத்தில் ஒரு மூட்டையில் நோய் கண்டால், சாக்கின் எண்ணைப் பார்த்து அந்தப் பகுதியை மட்டும் நிறுத்திவிடலாம். மற்ற பகுதி விவசாயிகளின் பிழைப்பு கெடாது. சாக்கில் போட்ட ஓர் எண் ஒரு நாட்டின் ஏற்றுமதியைக் காப்பாற்ற உதவியது.

மூன்றாவது, அமெரிக்கா. குளிரைத் தாங்கி உருளைக்கிழங்கைத் தாக்கும் வகைக் கிருமியை 2002 முதல் அந்நாடு கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. 2020-இல், குவாத்தமாலா நாட்டிலிருந்து வந்த ஜெரானியம் என்ற பூச்செடிகளில் அந்த வகை காணப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பசுமைக்குடிலில் கண்டதும், அனுப்பிய நிறுவனத்தின் பட்டியல்களை வைத்து, பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான பசுமைக்குடில்களுக்கு அந்தச் செடிகளும் அவற்றோடு தொடர்புள்ளவையும் போயிருப்பதைக் கண்டுபிடித்து அழித்தார்கள். பட்டியல் இல்லாமல் இருந்தால் எங்கே போய்த் தேடியிருப்பார்கள்?

நம் நாட்டு நிலவரம்

இந்தியாவில் இந்த நோய் எங்கெல்லாம் நிலைத்திருக்கிறது என்பதை உருளைக்கிழங்கு விஞ்ஞானிகள் வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். கர்நாடகம், மேற்கு மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம், வடகிழக்கு மலை மாநிலங்கள் ஆகியவை அதில் அடங்கும். தமிழ்நாட்டில் நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளும் உண்டு. பஞ்சாபை உள்ளிட்ட வடமேற்குச் சமவெளியில் இந்த நோய் நிலைகொள்ளவில்லை. ஹாசன் விவசாயிகள் ஜலந்தரிலிருந்து வரும் விதைக்கிழங்கை நாடுவதற்கு இதுவும் ஒரு பலமான காரணம்.

இப்போது மேட்டுப்பாளையம் மண்டிகளை நினைத்துப் பாருங்கள். நீலகிரிக் கிழங்கு அங்கேதான் ஏலத்துக்கு வருகிறது. கோலார் கிழங்கும், குஜராத் கிழங்கும், உத்தரப் பிரதேசக் கிழங்கும் அங்கே வந்து இறங்குகின்றன. நோய் உள்ள பகுதிச் சரக்கும் இல்லாத பகுதிச் சரக்கும் ஒரே கூரையின் கீழ் அடுக்கப்படுகின்றன. அங்கிருந்து தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கும் கேரளத்துக்கும் போகின்றன. இப்படிப் பல ஊர்ச் சரக்கு கூடுவது மண்டியின் இயல்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை எங்கே வருகிறது என்றால், தரம் பிரிக்கும்போது பல ஊர்க் கிழங்கை ஒரே சாக்கில் கலப்பதிலும், சாப்பாட்டுக் கிழங்கில் முளை விட்டதைப் பொறுக்கி "விதைக்கு ஆகும்" என்று மலிவாக விற்பதிலும்தான். சாப்பாட்டுக் கிழங்கு வாணலிக்குப் போனால் கிருமி அங்கேயே முடிந்தது. அதே கிழங்கு வயலுக்குப் போனால் அந்த வயல் பல ஆண்டுகளுக்குக் கெட்டது.

இஞ்சியிலும் இதே கதைதான். விதை இஞ்சியின் வழியாகவே வாடல் பரவுகிறது. துண்டை வெட்டி அழுத்தினால் பால் போன்ற கசிவு வரும். கேரளத்து இஞ்சி விவசாயிகள் கர்நாடகத்தில் புதுப்புது நிலங்களைக் குத்தகைக்குத் தேடிப் போவதற்குப் பழைய நிலத்தில் நோய் தங்கிவிடுவதும் ஒரு காரணம். கடைச் சாக்கிலிருந்து இஞ்சியை எடுத்து விதைக்கென்று கேட்பவருக்கு, "இது சமையலுக்கு வந்த சரக்கு, விதைக்குப் பொறுப்பேற்க முடியாது" என்று சொல்லிவிடுவதே நேர்மை.

தக்காளி, கத்தரி, மிளகாயில் காய் வழியாக நோய் வருவது முக்கியமான வழி அல்ல. நாற்றும், மண்ணும், தண்ணீரும்தான் வழி. ஆனால் ஒரு வட்டாரத்தில் வாடல் பரவினால் வரத்து திடீரென்று குறையும், விலை எகிறும். இதற்கு எதிராகப் பல ரகங்கள் வந்துள்ளன. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா தக்காளி ரகங்களும், சூர்யா, ஹரிதா, நீலிமா கத்தரி ரகங்களும், உஜ்வலா மிளகாயும் வாடலைத் தாங்குபவை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா ரக்ஷக், அர்கா சாம்ராட் போன்ற தக்காளி ரகங்களை வெளியிட்டது. நமக்கு நன்கு தெரிந்த சுண்டைச் செடியின் வேர் இந்த நோயை எதிர்த்து நிற்கும். சுண்டை வேர்ச்செடியில் கத்தரியையும் தக்காளியையும் ஒட்டுக் கட்டி நடுவது இதனால்தான். வேளாண் இடுபொருள் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இவற்றை விவசாயிகளிடம் எடுத்துச் சொல்லலாம். எந்த ரகமும் முழுக் காப்பு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நூற்புழு அதிகமான மண்ணில் தாங்கும் ரகமும் தடுமாறும்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு குறி போடுங்கள். எந்த ஊர், எந்த மண்டி, இறங்கிய தேதி ஆகிய மூன்றும் சாக்கில் மையால் எழுதப்பட வேண்டும். அதே குறி கொள்முதல் சிட்டையிலும் ஏற வேண்டும். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று பெரியவர்கள் சொன்னது பணத்துக்கு மட்டுமல்ல, சரக்குக்கும் பொருந்தும்.

2. இறங்கிய அன்றே, லாரி ஓட்டுநரோ மண்டி ஆளோ இருக்கும்போதே, சந்தேகமான கிழங்குகளைப் பொறுக்கி வெட்டிப் பாருங்கள். வளையம் கண்டால் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரம் கழித்துப் போடும் சண்டையைவிட அன்றைக்கு எழுதிய ஒரு வரி மேல்.

3. நோய் கண்ட லாட்டை வேறு ஊர்ச் சரக்கோடு கலக்காதீர்கள். நல்ல கிழங்கைப் பிரித்து, சமையலுக்கு மட்டும், சீக்கிரம் விற்றுத் தீருங்கள். கலந்துவிட்டால் கெட்டது எந்த ஊர்ச் சரக்கு என்ற தடமே அழிந்துபோகும்.

4. சாப்பாட்டுச் சரக்கை விதைக்கு விற்காதீர்கள். விதை வேண்டுபவரைச் சான்று பெற்ற விதை விற்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

5. அழுகலை ஓடையிலும் வாய்க்காலிலும் கொட்டாதீர்கள். கிழங்கு கழுவிய நீரையும் பாசன வாய்க்காலில் விடக் கூடாது. வயலுக்குப் போகும் எருக்குழியில் போடுவதும், வேகவைக்காமல் மாட்டுக்குக் கொடுப்பதும் கிருமியை மறுபடி மண்ணுக்கே அனுப்பிவிடும். வயலையும் நீர்நிலையையும் விட்டுத் தள்ளி, ஆழக் குழி தோண்டிப் புதைப்பதே சரி.

6. சாக்குகளை உதறி, துவைத்து, நல்ல வெயிலில் காய வைத்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள். இந்தக் கிருமி ஈரத்தில்தான் வாழும், காய்ச்சலைத் தாங்காது. கிடங்குத் தரையையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவிக் காய விடுங்கள்.

7. நோய் கண்டதை மண்டிக்கும், மண்டி வழியாக விவசாயிக்கும் சொல்லுங்கள். இந்த ஏழில் அதிகம் விட்டுப்போவது இதுதான்.

கடைசியாகச் சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். நோய் கண்டதும் நாம் வழக்கமாகச் செய்வது, கழிவு பிடித்துவிட்டு மறந்துவிடுவது. அந்த வாரக் கணக்கு சரியாகிவிடும். ஆனால் விவசாயிக்கு ஏன் கழிவு பிடித்தோம் என்பது தெரியாது. அவர் அதே கிழங்கில் சிறியதை அடுத்த பருவத்துக்கு விதையாக எடுத்து வைப்பார். அதே வயலில் மறுபடி உருளையோ தக்காளியோ போடுவார். அடுத்த ஆண்டு நோய் இரட்டிப்பாக வரும். நமக்கு வரும் சரக்கும் இரட்டிப்பாகக் கெடும்.

மாறாக, "உங்கள் இன்ன தேதிச் சரக்கில் வளையம் கண்டது, இதோ வெட்டிய கிழங்கு" என்று காட்டிவிட்டால், அவர் வேளாண்மை அலுவலரிடம் போவார். இரண்டு மூன்று ஆண்டுக்கு அந்த வயலில் மக்காச்சோளமோ, கேழ்வரகோ, வெங்காயமோ, பூண்டோ, முட்டைக்கோசோ போடலாம். விதையை வெளியிலிருந்து வாங்கலாம், வெட்டாத முழுக் கிழங்காக நடலாம். நடும்போது உரத்தோடு ஹெக்டேருக்கு 12 கிலோ பிளீச்சிங் பவுடர் கலந்து இடச் சொல்வதும் உண்டு. இவை எதுவும் ஒரே பருவத்தில் நோயை ஒழித்துவிடாது. ஆண்டுக்கு ஆண்டு குறைக்கும்.

இதில் ஒரு தயக்கம் எழுவது இயல்பு. நோய் என்று சொல்லிவிட்டால் அந்த ஊர்ச் சரக்கையே யாரும் வாங்க மாட்டார்களே, விலை விழுந்துவிடுமே என்று விவசாயியும் மண்டியும் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானது. குறி இல்லாத சந்தையில்தான் அந்த அச்சம் உண்மையாகும். எந்தத் தோட்டம் என்று தெரியாதபோது ஊர் முழுவதும் பழி சுமக்கிறது. குறி இருந்தால் ஒரு லாட்டோடு நின்றுவிடும், நல்ல சரக்குக்காரரின் பெயர் தப்பும். எகிப்து கண்ட அனுபவம் இதுதான்.

இந்த வேலையில் நம் பங்குக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு மை டப்பா, ஒரு கத்தி, ஒரு தம்ளர் தண்ணீர், சிட்டையில் கூடுதலாக ஒரு பத்தி, அவ்வளவுதான். வருகிற பருவத்தில் ஒவ்வொரு மண்டியும் தன் சரக்கு வரும் ஊர்களுக்குக் குறி வகுத்து, தன்னிடம் வாங்கும் கடைகளுக்கு அந்தக் குறிப் பட்டியலைக் கொடுத்தால் நல்ல தொடக்கமாக இருக்கும். கடைக்காரர்களும் இறங்கும் நாளிலேயே வெட்டிப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கட்டும். நோயைத் துரத்துவது விஞ்ஞானிகளின் வேலை. அது வந்த வழியைக் காட்டுவது நம் சிட்டையால் ஆகும் வேலை.